ஐந்தாவது மாடியின் காற்று

காரைக்காலில் கடற்கரைக்குப் போகிற சாலையில் வந்து, ஆற்றுப் பக்கம் திரும்பினால் அந்தக் கட்டடம் தெரியும். ஏழு மாடி. ஒவ்வொரு மாடியும் கீழே இருப்பதைவிட ஒரு கை அளவு தள்ளி உட்கார்ந்திருக்கும். மீன் கூடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே வந்த ஆளை யாரோ கூப்பிட, அவர் கையை நிறுத்தாமலே திரும்பிப் பார்த்ததுபோல, அடுக்கு மெல்லத் திரும்பிக்கொண்டே மேலே போகும். தரைமட்டத்தில் வீடு கிடையாது, தூண்கள் மட்டும்தான். கடல் ஒருமுறை உள்ளே வந்து போன ஊர் இது. கிழக்குப் பக்கம் முழுக்க ஓட்டைச் சுவர். காலை வெயில் அதன் வழியாக விழுந்தால் உள்ளே தரையெல்லாம் கோலப்புள்ளி வைத்தது மாதிரி இருக்கும்.

ஊர்க்காரர்கள் அதைச் சல்லடை வீடு என்கிறார்கள். இத்தனை விலை கொடுத்து ஓட்டையையா வாங்குவார்கள் என்று டீக்கடையில் கேட்பார்கள். கேட்டுவிட்டு, வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரர்களை அங்கேதான் கூட்டிவந்து காட்டுவார்கள்.

அதன் பராமரிப்பு என் பொறுப்பு. மோட்டார், தண்ணீர்த் தொட்டி, லிப்ட், சாவிகள் எல்லாம் என் கையில். அந்தக் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் ஒரு வீட்டுக்குள் காற்றே வராதபடி ஒருமுறை செய்துவைத்தவனும் நான்தான். யாரும் கெடுக்கச் சொல்லவில்லை. பொறுப்பாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு செய்தேன்.

நான் பத்தாவதோடு நின்றவன் என்று சொல்வது வழக்கம். சரியாகச் சொன்னால், பத்தாவது பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது நின்றவன். வீட்டுக் கஷ்டம் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். உண்மை அதுவல்ல. எழுதினால் தோற்றுவிடுவேனோ என்று பயம், அதனால் எழுதவில்லை. பக்கத்துக் கிராமமான குரும்பகரத்தில் அப்பாவுக்குக் கொஞ்சம் நெல் வயல் இருந்தது. அதிலே என்னை இறக்கிப் பார்த்தார். மழை வருமா என்று எனக்கு ஒரு கவலை, வந்தால் நிற்குமா என்று இன்னொன்று. நான் வரப்பில் நின்று வானத்தையே பார்ப்பதைப் பார்த்துப் பார்த்து அவருக்கே தூக்கம் போய்விட்டது. “நீ கட்டட வேலைக்குப் போடா. அங்க மேல பாக்க வானம் இருக்காது” என்றார்.

அப்படித்தான் சிமென்ட்டுக்கு வந்தேன். முதலில் கலவை சுமந்தேன். பிறகு, காய்கிற கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விடுகிற வேலை. அது எனக்கென்றே செய்த வேலை. காய்ந்துவிடுமோ, வெடித்துவிடுமோ என்று பயப்படுகிறவன்தான் அதற்கு வேண்டும். சல்லடை வீட்டுக்கு அஸ்திவாரம் போட்ட நாளிலிருந்து அதற்குத் தண்ணீர் விட்டேன். கட்டி முடிந்ததும் அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

அந்தக் கட்டடத்துக்கு வரைபடம் போட்டவர் ஒரு அம்மா. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். குள்ளம். கழுத்தளவு வெட்டின நரைமுடி. புதுச்சேரியிலிருந்து காரில் வருவார், காரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வருவார். தோளில் எப்போதும் ஒரு துணிப்பை. அதில் வரைபடம் இருக்கும் என்று நாங்கள் நினைத்தோம். முதல் மாடிச் சுவர் எழும்பின அன்று அதிலிருந்து ஊதுபத்திக் கட்டையும் தீப்பெட்டியையும் எடுத்தார்.

ஒரு பத்தியைக் கொளுத்தி அறை நடுவில் நின்றார். மூலைக்குப் போனார். ஜன்னல் ஓரத்தில் குந்தி உட்கார்ந்தார். அத்தனை நேரமும் புகையையே பார்த்துக்கொண்டிருந்தார். கொத்தனார் சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். நாங்களும் கும்பிட்டோம். சித்தாள் அக்கா ஒருத்தி தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“எந்தத் தெய்வத்துக்குங்க மேடம்?” என்று கொத்தனார் பயபக்தியோடு கேட்டார்.

அவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. சிரிப்பை அடக்கிக்கொண்டு, “காத்துக்கு” என்றார். “எந்தப் பக்கமா வந்து எந்தப் பக்கமா போவுதுன்னு பாக்கறேன். கண்ணுக்குத் தெரியாதுல்ல, அதான் பொகை.”

“வாயு பகவான்தான்” என்று கொத்தனார் எங்களிடம் விளக்கினார். அதற்குப் பிறகும் பத்தி ஏற்றினால் செருப்பைக் கழற்றுவதை யாரும் விடவில்லை. அவரும் தடுக்கவில்லை.

எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது வேறொரு நாளில். படிக்கட்டுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். அவர் ஏறி வந்தார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “மேடம், ஐப்பசி மழ சாய்ச்சு அடிக்குங்க. இந்தப் பக்கமா தண்ணி எறங்கி லிப்ட் குழிக்குப் போயிடுமோன்னு ராத்திரியெல்லாம் யோசனையா இருந்துதுங்க.”

சாதாரணமாக இப்படிச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். என்ஜினியர் சார், சின்ன வயசுப் பையன், “அண்ணே, நீங்க தண்ணி விடுங்க, யோசன நாங்க பண்றோம்” என்பார். இந்த அம்மா கீழே உட்கார்ந்து, என் கையிலிருந்த குழாயை வாங்கி, அந்தப் பக்கமாகத் தண்ணீர் விட்டுப் பார்த்தார். தண்ணீர் லிப்ட் பக்கம்தான் போனது.

“வேற என்னா கவல இருக்கு ஒங்களுக்கு?” என்றார்.

“நெறைய இருக்குங்க.”

“சொல்லுங்க. எழுதிக்கறேன்.”

நான் சொல்லச் சொல்ல எழுதினார். படி ஓரத்தில் ஒரு விரல் உயரம் வரம்பு வந்தது அப்படித்தான். மொட்டைமாடிக் கதவு உள்பக்கம் திறப்பதற்குப் பதில் வெளிப்பக்கம் திறப்பதும் அப்படித்தான். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை. “ஒங்க பொலம்பல நோட்டுல எழுதுனாங்களா? பாவம், அவங்களுக்கு என்னா கஷ்டமோ” என்றாள்.

இவ்வளவுக்கும் பிறகு, நான் அவரிடம் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன்.

கட்டடம் முடிந்து வீடுகளை ஒப்படைக்கிற சமயம். ஐந்தாவது மாடி வீட்டை வாங்கியவர் எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா. காரைக்காலில் பிறந்தவர்தான். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். முப்பது நாற்பது வருஷம் பிரான்சிலேயே இருந்துவிட்டு, அவர் போன பிறகு ஊருக்குத் திரும்பியிருந்தார். சாவி வாங்க வருவதாகத் தகவல் வந்தது. நான் இரண்டு நாள் முன்பே போய் வீட்டைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே மேலே பார்த்தேன். மேற்குச் சுவரின் உச்சியில், கூரைக்குக் கீழே, ஒன்பது ஓட்டை. ஒரே வரிசை, ஒரே இடைவெளி.

கட்டட வேலை தெரிந்த யாரும் அதைப் பார்த்தால் ஒன்றுதான் நினைப்பார்கள். சாரம் கட்டுகிறபோது கழியைச் சொருக சுவரில் ஓட்டை விடுவோம். சாரத்தைப் பிரிக்கிறபோது ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே இறங்க வேண்டும். அடைக்காமல் விட்டால் கொத்தனாருக்குக் கெட்ட பேர். மற்ற மாடிகளிலே அந்த இடத்தில் அழகாக இடைவெளி விட்ட மரச்சட்டம் போட்டு மறைத்திருந்தது, அலங்காரம் என்று நினைத்திருந்தேன். ஐந்தாவது மாடிக்குத் தச்சர் இன்னும் வரவில்லை.

மறந்துட்டாங்க என்று தோன்றியது. வீடு வாங்கிய அந்த அம்மா, பூச்சி, பல்லி என்றால் தனக்கு ஆகாது என்று முன்பே சொல்லியிருந்தார். ஓட்டைக்குள் குருவி வைக்கோல் வேறு இழுத்து வைத்திருந்தது. செங்கல் துண்டும் கலவையும் கொண்டுவந்து ஒன்பதையும் அடைத்தேன். மறுநாள் பட்டி பார்த்து, தேய்த்து, பெயின்ட் அடித்தேன். தடவிப் பார்த்தால்கூடத் தெரியாது. வாழ்க்கையில் நான் சந்தேகமே படாமல் செய்த ஒரே வேலை அது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பெருமை அடித்துக்கொள்வதுபோல் இருக்கும் என்று விட்டேன்.

அந்த அம்மா பிற்பகல் மூன்று மணிக்கு வந்தார். சித்திரை வெயில். என்ஜினியர் சாரும் நானும் கூடவே இருந்தோம். உள்ளே வந்ததும் வாசற்கதவைச் சாத்தச் சொன்னார். கூடத்தின் நடுவில் நின்றார். நெற்றியில் வேர்வை அரும்பியது.

“காத்து எங்க தம்பி?” என்றார் என்னிடம்.

நான் கிழக்கே ஓட்டைச் சுவரைப் பார்த்தேன். வெளியே தென்னை மட்டை ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. அடுப்பங்கரை மாதிரி இருந்தது.

“சுவர் எழுப்புனப்ப வந்து இதே எடத்துல நின்னேன். பொடவையப் புடிச்சு இழுத்துச்சு காத்து. அதுக்காகத்தான் வாங்குனேன். எனக்கு ஏசி ஆகாதுப்பா, நெஞ்சுச் சளி. அங்க முப்பது வருஷம் ஜன்னலச் சாத்திக்கிட்டு இருந்தாச்சு. இஞ்சயும் அப்படின்னா நான் எதுக்கு வந்தேன், சேசுவே.” கைப்பையை மூடினார். “நாளைக்கு இதே நேரம் வர்றேன். இப்படியே இருந்தா சாவிய நீங்களே வெச்சுக்குங்க. மெர்சி” என்று பிரெஞ்சில் நன்றியும் சொன்னார்.

அவர் போனதும் என்ஜினியர் சார் கட்டட முதலாளிக்குப் போன் பண்ணினார், அப்புறம் மேடத்துக்கு. பேசி முடித்துவிட்டு என்னிடம் வந்தார். “மேடம் காலைல வர்றாங்க. கணக்கு எங்கயோ தப்பாயிருக்குண்ணே. பக்கத்து மனையில புதுசா மாடி எழும்புதுல்ல, அது காத்த மறிக்குதோ என்னமோ. ஒரு வீடு இப்படின்னா எல்லா வீட்டுக்கும் கேள்வி வரும்ங்கிறாரு மொதலாளி. பேசாம கெழக்குச் சுவரு பூரா கண்ணாடி போட்டு மூடி, ஏசி வெச்சுடலாம்னு சொல்றாரு.”

அந்தச் சுவரின் ஒவ்வொரு ஓட்டைக்கும் நான் தண்ணீர் விட்டிருக்கிறேன். அதன்மேல் கண்ணாடியா?

“மேடம் என்னா சொன்னாங்க?”

“‘நான் பாத்துட்டுச் சொல்றேன், அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க’ன்னாங்க. கொரலே சரியில்ல.”

என்ஜினியர் சார் போன பிறகு, பொழுது சாய்வதற்குள் கடைக்குப் போய் ஊதுபத்தி வாங்கி வந்தேன். ஏன் என்று கேட்டால் தெரியாது, மேடம் செய்வதைச் செய்து பார்க்கலாம் என்றுதான். ஐந்தாவது மாடியில் கதவைச் சாத்திவிட்டுக் கொளுத்தினேன். புகை நேராகக் கம்பி மாதிரி எழும்பி, கூரையில் மோதிக் குடையாக விரிந்தது. அங்கேயே நின்றது.

நாலாவது மாடிக்கு இறங்கினேன். அதுவும் இன்னும் ஆள் வராத வீடு. கதவைச் சாத்தினேன். பத்தியை நீட்டியதும் புகை சாய்ந்தது. கிழக்கிலிருந்து யாரோ ஊதுவதுபோல் மேற்கே போய், சுவரின் உச்சியில் இருந்த மரச்சட்டத்துக்குள் நுழைந்து காணாமல் போனது. ஏணியைப் போட்டு ஏறி சட்டத்துக்குப் பின்னால் கையை விட்டேன். விரல் ஓட்டைக்குள் போனது. பக்கத்தில் இன்னொன்று. எண்ணவே வேண்டாம், ஒன்பதுதான் இருக்கும்.

வருகிற காற்றுக்குப் போகிற வழி வேண்டும். போகிற வழியை நான் அடைத்திருக்கிறேன்.

ஏணியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விடிவதற்குள் போய் உளியால் தட்டித் திறந்துவிட்டால் என்ன, மேடம் வருவதற்குள் ஓட்டை ஓரத்தில் பட்டியும் பூசிவிடலாம், யாருக்குத் தெரியும் என்றேன். சொல்லும்போதே அடுத்த கவலை வந்தது. சத்தம் கேட்டு யாராவது வந்தால்? ஈரம் காயாமல் இருந்தால்? வேலையைவிட்டே நின்றுவிட்டால் என்ன?

அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

“பரிச்சைக்குப் போவாம ஓடுன ஆளுதான நீங்க. இதுலயும் ஓடுங்க. அந்த மேடம் தங் கணக்குதான் தப்புன்னு நெனச்சுக்கிட்டுக் கெடக்கட்டும்.”

“வேல போயிடுமேடி.”

“போனா போவுது. ஒங்க கவலய எழுதி வெச்சுக்கிட்ட ஒரே ஆளுங்க அவங்க. இத மட்டும் எழுதாம விட்டுடுவாங்களா?”

மறுநாள் ஏழு மணிக்கே கேட்டில் போய் நின்றேன். அவர் எட்டு மணிக்கு நடந்து வந்தார். தூங்காத முகம். எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு, நின்று கட்டடத்தைக் கீழிருந்து மேல்வரை பார்த்தார். அதைத் தானே கட்டினோமா என்று சந்தேகப்படுகிறவர் மாதிரி பார்த்தார். அதைப் பார்த்ததும் என் வாய் தானாகத் திறந்துவிட்டது.

“மேடம், ஒங்க கணக்கு தப்பு இல்லீங்க. நான்தாங்க அடைச்சுட்டேன்.”

“எதை?”

“மேக்குச் சுவத்து ஓட்டய. சாரத்து ஓட்டன்னு நெனச்சுட்டேங்க.”

அவர் படிக்கட்டில் ஏறத் தொடங்கினார். லிப்ட் இருக்கிறதே என்றுகூடச் சொல்ல எனக்குத் துணிவில்லை. பின்னாலேயே ஏறினேன். ஐந்தாவது மாடியில் ஏணியில் ஏறி, சுவரைக் கையால் தடவினார். இந்தப் பக்கம் தடவினார், அந்தப் பக்கம் தடவினார்.

“எங்க இருந்துச்சு? காட்டுங்க.”

கரித்துண்டால் ஒன்பது இடத்திலும் வட்டம் போட்டேன். ஒன்றுகூட வட்டமாக வரவில்லை.

“இவ்வளவு நேர்த்தியா அடைச்சிருக்கீங்களே” என்றார். கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. ஏணியிலேயே உட்கார்ந்துகொண்டார். “எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் கேப்பீங்களே.”

“இதுல மட்டும் சந்தேகமே வரலீங்க மேடம்.”

அதைக் கேட்டதும் சிரித்துவிட்டார். அடக்க முடியாமல் ஏணி ஆடுகிற அளவுக்குச் சிரித்தார். நான் ஓடிப்போய் ஏணியைப் பிடித்துக்கொண்டேன், விழுந்துவிடப் போகிறாரே என்று. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஒங்க தப்பு பாதி, எந் தப்பு பாதி” என்றார். “காத்து போற ஓட்டன்னு படத்துல எழுதியிருக்கேன். படத்தப் படிக்கிறவங்க மட்டும் வேல செய்யறதா நெனச்சுட்டேன். உளி இருக்கா?”

இருந்தது. காலையிலேயே பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

நான் உடைக்க, அவர் கீழே நின்று ஈரத்துணியால் தூசியை அள்ளினார். வேண்டாங்க மேடம் என்றாலும் கேட்கவில்லை. என்ஜினியர் சார் வந்து பார்த்தார், வாயைத் திறந்தார், மேடத்தின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். பதினொரு மணிக்கு ஒன்பதும் திறந்தாயிற்று. பத்தி கொளுத்தினோம். புகை அப்போதும் நேராகத்தான் எழும்பியது.

எனக்கு உயிரே போய்விட்டது. “மேடம்…”

“கடல் காத்து இன்னும் எறங்கல. இருங்க.”

பன்னிரண்டு ஆயிற்று. ஒன்று ஆயிற்று. அவர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டார், எனக்கும் மூடியில் வைத்துக் கொடுத்தார். எனக்கு இறங்கவில்லை. இன்றைக்குப் பார்த்துக் காற்றே அடிக்காமல் போனால்? நிஜமாகவே பக்கத்துக் கட்டடம் மறித்தால்? அவரைப் பார்த்தேன். அவரும் வெளியே தென்னையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் உள்ளுக்குள் அதே கவலைதான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கட்டின வீட்டுக்கு என்னைவிட அதிகமாகப் பயப்படுகிறவர் அவர்தான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

ஒன்றரைக்குத் தென்னை மட்டை ஒரு பக்கமாகத் திரும்பியது. கிழக்குச் சுவரில் விசில் மாதிரி மெல்ல ஒரு சத்தம். பத்திப் புகை தலை குனிந்தது. பிறகு முழுதாகச் சாய்ந்து, கூடத்தைக் கடந்து, மேற்குச் சுவருக்கு ஏறி, ஒன்பதாகப் பிரிந்து வெளியே போனது. மேடம் எழுந்து நின்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தூசி விழுந்திருக்கலாம்.

வீடு வாங்கிய அந்த அம்மா மூன்று மணிக்கு வந்தார். கதவைச் சாத்தச் சொன்னார். நடுவில் வந்து நின்றார். புடவைத் தலைப்பு எழும்பித் தோளிலிருந்து நழுவியது. அதைப் பிடித்துக்கொண்டு, எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். எங்கள் தலையெல்லாம் சிமென்ட் தூசி.

“நேத்து எங்க போயிருந்துச்சு இது?”

என்ஜினியர் சார் என்னைப் பார்த்தார். நான் மேடத்தைப் பார்த்தேன்.

“ஒரு சின்ன அடைப்பும்மா, எடுத்தாச்சு” என்றார் மேடம். அவ்வளவுதான்.

“அந்த ஓட்ட வழியா பூச்சி வராதா?”

“வருங்க” என்றேன் நான், யாரும் என்னைக் கேட்காமலே. “குருவியும் வருது. சன்னமா வல அடிச்சுடணுங்க.”

மேடம் துணிப்பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். அடுத்த மாதம் ஏழு மாடிக்கும் வலை வந்தது. கிழக்குச் சுவர் அப்படியேதான் இருக்கிறது. முதலாளி இப்போது வருகிறவர்களிடம் அதைத்தான் முதலில் காட்டுகிறார்.

வலை வந்ததும் எனக்குப் புதுக் கவலை. உப்புக்காற்றில் தூசி படிந்து அடைத்துக்கொண்டால்? அதனால் வெள்ளிக்கிழமை பிற்பகலில், கடல் காற்று இறங்கின பிறகு, ஊதுபத்தியோடு வீடு வீடாகப் போகிறேன். புகை சரியாகப் போகிறதா என்று பார்ப்பேன், போகாவிட்டால் ஏணி எடுத்து வந்து வலையைத் துடைப்பேன். ஐந்தாவது மாடி அம்மா என்னைக் கண்டதும் சிலுவை போட்டுக்கொள்கிறார். மூன்றாவது மாடி வீட்டு மருமகள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுகிறாள். “அண்ணே, அப்படியே சாமி ரூமுக்கும் காட்டிட்டுப் போங்க” என்றாள் போன வாரம்.

இது காற்றுக்கும்மா என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு சாமி ரூமுக்கும் காட்டினேன். அங்கேயும் புகை மேற்கே சாய்ந்துதான் போனது. மனசுக்கு நிம்மதியாக இருந்தது, படியிறங்கும்போது மோட்டாரை அணைத்தேனா என்று சந்தேகம் வருகிறவரைக்கும்.